பச்சிளங்குழந்தை பார்க்கக் கற்றுக்கொள்ளும் விதம்

பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்குக் கண் தெரியுமா என்று வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். தெரியும் என்பதே விடை. ஆனால் நமக்குத் தெரிவதைப் போலத் தெரியாது. முகத்திலிருந்து ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவுக்குள் இருப்பவை மட்டுமே அதற்கு ஓரளவு துலங்கும். மடியில் கிடத்திப் பால் கொடுக்கும் தாயின் முகம் அந்தத் தொலைவில்தான் இருக்கிறது. அதற்கு அப்பாலுள்ள சுவரும் சுழலும் மின்விசிறியும் வாசற்படியில் நிற்கும் பாட்டியும் வெளிச்சமும் நிழலும் கலந்த மங்கலான வடிவங்களே. நல்ல பார்வையுள்ள பெரியவர் ஒருவர் 120 மீட்டர் தொலைவிலிருந்து அடையாளம் காணக்கூடிய ஒரு பொருளைப் பச்சிளங்குழந்தை காண்பதற்கு, அப்பொருள் சுமார் 6 மீட்டர் தொலைவுக்குள் வந்தாக வேண்டும் என்று தோராயமாகச் சொல்லலாம்.

இந்த மங்கலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதல் காரணம் கண்ணிலேயே இருக்கிறது. பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமுடையது. வளர்ந்தவருக்கு அது 24 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். விழித்திரையின் நடுவே, நுண்ணிய விவரங்களைக் காண்பதற்கென்றே அமைந்த சிறு குழிவு ஒன்று உண்டு. அங்குள்ள, ஒளியை உணரும் கூம்பு அணுக்கள் பிறப்பின்போது குட்டையாகவும் தடித்தும், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் இருக்கின்றன. அவை மெலிந்து, நீண்டு, நெருங்கி அடர்வதற்குச் சில ஆண்டுகள் ஆகும். இரண்டாவது காரணம் மூளையில் இருக்கிறது. பெற்றோர் கவனிக்க வேண்டியவற்றுள் பெரும்பாலானவை இந்த இரண்டாவது காரணத்தோடு தொடர்புடையவை என்பதால், அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

மூளை பார்க்கக் கற்பது

விழித்திரையில் விழும் ஒளி மின் குறிப்புகளாக மாறி, பார்வை நரம்பின் வழியே பயணித்து, தலையின் பின்புறத்திலுள்ள மூளையின் மேலடுக்குப் பகுதியான பார்வைப் புறணியைச் சென்றடைகிறது. ஒரு கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஓர் உருவம் எங்கே முடிகிறது, எது அசைகிறது, எது அருகில் இருக்கிறது என்பவையெல்லாம் அங்கும், அதையடுத்த மூளைப் பகுதிகளிலும்தான் பகுத்தறியப்படுகின்றன. இதற்கு வேண்டிய நரம்பிணைப்புகளின் முதல் வரைவை இயற்கை கருவிலேயே போட்டுவிடுகிறது. ஆனால் அந்த வரைவு திருத்தமான வடிவம் பெறுவதற்கு, பிறந்த பிறகு இரு கண்களின் வழியாகவும் தெளிவான காட்சிகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும்.

பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இருக்கும். முதல் ஆண்டுக்குள் அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. இந்த வளர்ச்சியில் புதிய நரம்பணுக்களின் பங்கைவிட, இருக்கும் அணுக்களுக்கு இடையே உருவாகும் இணைப்புகளின் பங்கு பெரிது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லோச்சர், இறந்த குழந்தைகளின் மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பார்வைப் புறணியில் இந்த இணைப்புகளின் அடர்த்தி பிறந்த 8ஆம் மாதத்தையொட்டி உச்சத்தை அடைவதையும், அதன் பிறகு பல ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்து பெரியவர்களின் அளவுக்கு வருவதையும் கண்டறிந்தார். புல்வெளியில் ஆள் நடமாட்டம் உள்ள ஒற்றையடிப் பாதை மட்டும் நிலைத்து, நடப்பாரில்லாத பாதையைப் புல் மூடிவிடுவதைப் போல, அடிக்கடி பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன, பயன்படாதவை கழிக்கப்படுகின்றன. இந்தக் கழிவு இழப்பாகாது. மூளை விரைவாகவும் துல்லியமாகவும் இயங்குவதற்கு அது தேவைப்படுகிறது.

இதற்கு ஒரு பருவம் உண்டு என்பதை உறுதிப்படுத்தியவர்கள் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவர். 1960களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி, சில மாதங்களுக்குப் பின் திறந்து பார்த்தார்கள். மூடியிருந்த கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் பார்வைப் புறணியிலுள்ள அணுக்கள் அந்தக் கண்ணிலிருந்து வந்த குறிப்புகளுக்கு ஏறக்குறைய எந்த எதிர்வினையும் காட்டவில்லை. திறந்திருந்த கண் அந்த இடத்தையும் தனதாக்கிக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதைவிட நீண்ட காலம் மூடிவைத்தபோதோ இத்தகைய பாதிப்பு எதுவும் நேரவில்லை. இவர்களுக்கு 1981ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு, ரோஜர் ஸ்பெரியுடன் பகிர்ந்து வழங்கப்பட்டது. இரு கண்களும் மூளையில் இடத்துக்காகப் போட்டியிடுகின்றன என்ற இந்தக் கண்டுபிடிப்பை நினைவில் வைத்துக்கொண்டால், சோம்பேறிக் கண் (ஒரு கண்ணின் காட்சியை மூளை ஒதுக்கிவிடும் நிலை), மாறுகண், பிறவிக் கண்புரை ஆகிய மூன்றிலும் மருத்துவர்கள் ஏன் அவசரப்படுத்துகிறார்கள் என்பது தானாக விளங்கும்.

மனிதக் குழந்தைகளிடம் கிடைத்த சான்றுகள் இன்னும் வியப்பானவை. கனடாவைச் சேர்ந்த டாஃப்னி மௌரரும் அவருடைய குழுவினரும், பிறவிக் கண்புரை நீக்கப்பட்டு முதன்முதலாகக் கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் பொருத்தப்பட்ட குழந்தைகளின் பார்வைக் கூர்மையை அளந்து, அதன் முடிவை 1999இல் வெளியிட்டார்கள். அக்குழந்தைகளில் சிலர் பிறந்து பல மாதங்கள் ஆனவர்கள். என்றாலும் அவர்களின் பார்வை அன்று பிறந்த குழந்தையின் அளவிலேயே நின்றிருந்தது. லென்ஸ் பொருத்திய ஒரு மணி நேரத்துக்குள் அது அளந்தறியும்படி கூடியது. பார்வை வயது ஏற ஏறத் தானாக வளர்வதில்லை, காட்சி கிடைத்தால்தான் வளர்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. அதே குழுவினர் 2001இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. முதல் சில மாதங்கள் மட்டும் தெளிவான காட்சி கிடைக்காமல், பிறகு சிகிச்சையால் பார்வை பெற்றவர்கள், பல ஆண்டுகள் கழித்தும் முகங்களில் கண், வாய் ஆகியவற்றுக்கு இடையேயுள்ள தொலைவின் நுண்ணிய வேறுபாடுகளைக் கண்டுகொள்வதில் பின்தங்கியே இருந்தார்கள். குழந்தை எதையும் சரியாகப் பார்ப்பதில்லை என்று நாம் எண்ணும் அந்த முதல் மாதங்களில், முகங்களை இனங்காணும் திறனுக்கான அடித்தளம் இடப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் நடந்த ஒரு முயற்சியும் இங்கே சொல்லத் தக்கது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டம், பிறவியிலேயே பார்வையிழந்து, சிகிச்சை கிடைக்காமல் வளர்ந்த வட இந்தியச் சிறுவர் சிறுமியருக்கு டெல்லியில் அறுவைச் சிகிச்சை செய்வித்து, அவர்கள் எவ்வாறு பார்க்கக் கற்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்தது. 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐவரிடம், கையால் தடவி அறிந்த ஒரு பொருளைப் பார்வை வந்தவுடன் கண்ணால் அடையாளம் காணும்படி கேட்டபோது அவர்களால் அது இயலவில்லை. ஆனால் குறுகிய காலத்திலேயே அத்திறன் வளரத் தொடங்கியது. 2011இல் வெளியான இந்த முடிவு இரண்டு செய்திகளைத் தருகிறது. தாமதமாகக் கிடைக்கும் பார்வையும் பயனுள்ளதே. ஆகவே ‘வயதாகிவிட்டது, இனிப் பயனில்லை’ என்று எந்தக் குழந்தையையும் கைவிடக் கூடாது. அதே சமயம், இப்படித் தாமதமாகப் பார்வை பெறுபவர்களின் பார்வைக் கூர்மை பெரும்பாலும் இயல்பான அளவை எட்டுவதில்லை.

மாதங்கள் செல்லச் செல்ல

குழந்தைகள் எல்லோரும் ஒரே நாளில் ஒரே திறனைப் பெறுவதில்லை. ஆகவே கீழே வரும் மாதக் கணக்கைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். முதல் மாதத்தில் குழந்தை வெளிச்சம் வரும் திசையை நோக்கும். கறுப்பும் வெள்ளையும் போலப் பளிச்சென்று வேறுபடும் விளிம்புகளிலும், முகங்களிலும் அதன் பார்வை சற்று நேரம் தங்கும். இதைக் குழந்தையைக் கேட்காமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தோன்றலாம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ், இரண்டு படங்களை அருகருகே காட்டி, குழந்தை எதை அதிக நேரம் பார்க்கிறது என்று கணக்கிடும் முறையை 1960களையொட்டி உருவாக்கினார். வெறும் நிறப்பரப்பைவிடக் கோலங்களையும் முகங்களையும் குழந்தைகள் விரும்பிப் பார்க்கிறார்கள் என்று அதனால் தெரியவந்தது. பேசத் தெரியாத குழந்தையின் பார்வைக் கூர்மையை இன்றைக்கும் கண் மருத்துவமனைகளில் கோடிட்ட அட்டைகளைக் காட்டி அளப்பது இதே கொள்கையின்படிதான்.

ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் முகம் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு வருகிறது. அதுவரை தூக்கத்தில் தானாகச் சிரித்த குழந்தை, இப்போது உங்களைக் கண்டு சிரிக்கிறது. பார்த்ததை மூளை பொருளாக்கிக்கொண்டது என்பதற்கு வீட்டிலேயே கிடைக்கும் முதல் அடையாளம் இது. இரண்டு, மூன்று மாதங்களில் அசையும் பொருளைத் தொடர்ந்து கண்கள் தடையின்றிச் சீராக நகரும். தன் கையைத் தானே தூக்கிப் பார்த்து வியக்கும். நிறங்களைப் பிரித்தறிவதும் இக்காலத்தில் நன்கு தேர்கிறது. மூன்று முதல் ஐந்து மாதங்களுக்குள் இரு கண்களின் காட்சிகளையும் மூளை ஒன்றாக இணைத்து ஆழத்தை உணரத் தொடங்குகிறது. அதுவரை காற்றைத் துழாவிய கை, அதன் பிறகு கிலுகிலுப்பையைக் குறி தவறாமல் பிடிக்கிறது. தவழும் வயதில் பார்வையும் உடலும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஓராண்டை நெருங்கும்போது, நீங்கள் விரல் நீட்டிய திசையில் குழந்தை பார்க்கும். பிறகு தானே விரல் நீட்டும். ஒரே பொருளை இருவர் சேர்ந்து கவனிப்பதான இந்தத் திறனிலிருந்துதான் சொற்கள் பொருள் பெறுகின்றன. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் அம்புலியைக் காட்டிக் குழந்தையோடு விளையாட அழைப்பதை ஒரு தனிப் பருவமாகவே வகுத்து வைத்தார்கள் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. நிலாவைக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் குழந்தை வளர்ச்சியியலோடு எவ்வளவு இசைவாக இருக்கிறது!

வீட்டில் செய்யக்கூடியவை

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, மூளையைத் தூண்டும் பொருள்கள் என்று கடைகளில் விற்பவற்றைத் தேடி ஓட வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளை அட்டைகள் தீங்கு செய்யாது. குழந்தை அவற்றைப் பார்க்கவும் செய்யும். ஆனால் கட்டம் போட்ட துண்டும், சன்னல் கம்பியின் வழியே விழும் வெயிலும், பாட்டியின் நெற்றித் திருநீறும் அதே வேலையைச் செய்கின்றன. நலமான குழந்தைக்குக் கூடுதல் தூண்டுதல் கொடுத்தால் பார்வையோ அறிவோ சராசரியைத் தாண்டி வளரும் என்பதற்குச் சான்றில்லை. பாதையில் தடை இருக்கக் கூடாது, இயல்பான காட்சியும் மனிதர்களின் துணையும் குறையக் கூடாது என்ற இரண்டே தேவைகள்தான் உள்ளன.

முகத்தோடு முகம் பார்த்துப் பேசுவது எல்லாவற்றிலும் முதன்மையானது. குழந்தை ‘ங்கா’ என்றால் நீங்களும் பதிலுக்குச் சொல்லி, அது மறுபடி வாய் திறக்கும்வரை சற்றே காத்திருங்கள். பால் கொடுக்கும்போதும், குளிப்பாட்டும்போதும், துணி மாற்றும்போதும் இதற்கு நேரம் தானாகக் கிடைக்கிறது. பால் கொடுக்கும் நேரம் முழுவதும் தாயின் கண் செல்பேசியில் பதிந்திருந்தால், குழந்தைக்கு மிகத் தெளிவாகத் தெரியும் ஒரே காட்சி அதற்கு மறுமொழி தராமல் போகிறது. ஓய்வின்றித் தவிக்கும் தாயைக் குறை கூற இதைச் சொல்லவில்லை; வீட்டிலுள்ள மற்றவர்கள் அவருடைய வேலையைப் பகிர்ந்துகொண்டால் இந்த நேரம் தாய்க்கும் ஓய்வாகும்.

தூளி பற்றி ஒரு சொல். சேலையில் கட்டிய தூளியில் குழந்தை நன்றாக உறங்குகிறது என்பது உண்மையே. ஆனால் விழித்திருக்கும் குழந்தைக்கு அதற்குள்ளிருந்து தெரிவது இருபுறமும் துணிச்சுவரும் மேலே சிறு பிளவும் மட்டுமே. உறங்கி எழுந்த பின் தரையில் பாயோ கெட்டியான விரிப்போ விரித்துக் கிடத்துங்கள். பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, நாளில் சில முறை சில நிமிடங்கள் குப்புறப் படுக்கவிடுங்கள். தலையைத் தூக்கிப் பார்க்க அது எடுக்கும் முயற்சி, கழுத்தையும் பார்வையையும் ஒருங்கே பழக்குகிறது. உறங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாந்த நிலையில் படுக்க வைக்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாகக் கிடத்தாமல், வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் திசை மாறும்படி தலைமாட்டை மாற்றிப் போடுவதும் நல்லது.

திரைகளைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவானது: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம், இரண்டு வயது நிறையும்வரை தவிர்ப்பதே நல்லது. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் தந்தையோடும் தாத்தா பாட்டியோடும் எப்போதாவது காணொளி அழைப்பில் பேசுவதற்கு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் விலக்களிக்கிறார்கள். எதிரே இருப்பவர் குழந்தைக்கு மறுமொழி தருகிறார் என்பதே அதற்குக் காரணம். சியாட்டில் நகரில் பட்ரீசியா குல் நடத்திய ஆய்வு ஒன்றில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழியில் நேரில் பேசி விளையாடியபோது அவர்கள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே ஆட்கள் அதே சொற்களைப் பேசிய காணொளியைப் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. இது 2003இல் வெளியானது. பாட்டு ஓடும் செல்பேசியைக் காட்டிச் சோறூட்டுவது வேலையை எளிதாக்குகிறது என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. அது குழந்தைக்கு எதையோ கற்பிக்கிறது என்று மட்டும் எண்ண வேண்டாம்.

உணவு

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலில் வைட்டமின் ஏ மிகுந்திருக்கிறது. அதன் மஞ்சள் நிறத்தைக் கண்டு அதைப் பிழிந்து கொட்டிவிடும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் விட்டுவிட வேண்டும். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மங்கிய வெளிச்சத்தில் பார்வை தடுமாறும். இதையே மாலைக்கண் என்கிறோம். குறை முற்றினால் விழியின் முன்படலம் உலர்ந்து, புண்ணாகி, பார்வை நிலையாகப் பறிபோகலாம். இந்தியாவில் 1970 முதல் இதற்கென ஒரு தேசியத் திட்டம் இயங்கிவருகிறது. ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ருபெல்லா தடுப்பூசியோடு 1 லட்சம் யூனிட்டும், அதன் பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட்டும் வைட்டமின் ஏ திரவமாகக் கொடுக்கப்படுகின்றன. கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அளவு மிஞ்சினால் இது நஞ்சாகும் என்பதால், தனியே வாங்கிக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போது மஞ்சள் பூசணி, கேரட், முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது. எனவே மசித்த காயோடு சிறிது நெய்யோ எண்ணெயோ சேர்ந்தால்தான் உடலில் நன்கு ஏறும். மூளைக்கு இரும்புச்சத்து இதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. கருவில் சேர்த்துக்கொண்ட இரும்பு ஆறு மாதத்தையொட்டித் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலிலிருந்து கிடைப்பது அதன் பிறகு போதாது. பருப்பு, கீரை, கேழ்வரகு, அசைவம் உண்பவர்களானால் ஈரல், இறைச்சி ஆகியவற்றோடு, அரசு சுகாதார நிலையங்களில் தரப்படும் இரும்புச்சத்து மருந்தையும் சொல்லப்பட்ட அளவில் கொடுப்பது நல்லது. சோகையுள்ள குழந்தை சுறுசுறுப்பின்றிச் சுற்றியுள்ளவற்றில் நாட்டம் குறைந்து காணப்படும். அதன் கவனமும் கற்றலும் பின்தங்கும்.

டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலத்தின் பெயரைப் பால்மாவு டப்பாக்களில் பார்த்திருப்பீர்கள். அது மூளையிலும் விழித்திரையிலும் முக்கியமான பொருள் என்பது உண்மை, கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் அது குழந்தையிடம் வேகமாகச் சேர்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. மத்தி, அயிலை போன்ற மலிவான மீன்களை வாரம் இரு முறை தாய் உண்டால் பாலில் அதன் அளவு கூடும். ஆளி விதையிலும் வால்நட்டிலும் உள்ள கொழுப்பு உடலில் மிகச் சிறிதளவே டி.எச்.ஏ.வாக மாறுகிறது என்பதால், மரக்கறி உண்ணும் தாய்மார்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இந்த அமிலம் சேர்த்த பால்மாவு குழந்தையின் அறிவையோ பார்வையையோ உயர்த்துகிறதா என்று நடத்தப்பட்ட சோதனைகளில் ஒரே சீரான பலன் காணப்படவில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவை விளம்பரம் செய்வதே 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குள் எதையும் இடாதிருத்தல்

கண் மை இட்டால் கண் பெரிதாகும் என்பது நம்பிக்கை மட்டுமே. விழிக்கோளத்தின் அளவை மை மாற்றாது. கடைகளில் கிடைக்கும் சில மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. ஈயம் வளரும் மூளைக்கு நேரடியான நஞ்சு. வீட்டிலேயே விளக்கெண்ணெய் விளக்கில் கரி பிடித்துச் செய்த மையில் ஈயம் இல்லாவிட்டாலும், இடும் விரலிலுள்ள கிருமியும் கரித்துகளும் கண்ணுக்குள் போகின்றன. திருஷ்டிப் பொட்டு வைத்தே தீர வேண்டும் என்றால் உள்ளங்காலில் வைத்துக்கொள்ளலாம். கண் சிவந்தாலோ பீளை கட்டினாலோ தாய்ப்பாலைப் பீய்ச்சுவதும், எண்ணெய்க் குளியலின்போது கண்ணில் எண்ணெய் விடுவதும் அப்படியே தவிர்க்கப்பட வேண்டியவை. பிறந்த ஒரு மாதத்துக்குள் இமை வீங்கிச் சீழ் வடிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

மேலே சொன்ன பருவக் கணக்கு மிகக் கடுமையாக வேலை செய்யும் இடம் இதுதான். ஒரு கண்ணில் மட்டும் பிறவிக் கண்புரை இருந்தால் ஏறத்தாழ ஆறு வாரத்துக்குள்ளும், இரு கண்களிலும் இருந்தால் எட்டு, பத்து வாரங்களுக்குள்ளும் அறுவைச் சிகிச்சை முடிந்தால் பார்வை தேறும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. குழந்தை சற்று வளரட்டும் என்று காத்திருப்பது இங்கே தவறான அறிவுரை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை இத்தகைய கண்புரைக்குக் காரணமாகலாம் என்பதை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் கண்டறிந்தார். இந்தியாவில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை ருபெல்லா தடுப்பூசி இயக்கம் முதலில் தொடங்கிய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. தடுப்பூசி போடாத பெண்கள் கருத்தரிக்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பமான பிறகு போட முடியாது.

கண்மணியில் வெண்மை தெரிந்தால், அது கண்புரையாகவோ, விழித்திரையில் தோன்றும் புற்றுநோயாகவோ இருக்கலாம். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிவதைப் பார்த்துப் பெற்றோரே கண்டுபிடித்த நேர்வுகள் உண்டு. படம் எடுத்த கோணத்தாலும் அப்படித் தெரியக்கூடும்; ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் கண் மருத்துவர், அதுவும் சில நாட்களுக்குள்.

முதல் மூன்று, நான்கு மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகி மீள்வது இயல்பானதே. மூக்குத்தண்டு அகன்றிருப்பதால் நேரான கண்ணும் மாறுகண் போலத் தோன்றுவதுண்டு. நான்கு மாதத்துக்குப் பிறகும் விலகல் நீடித்தாலோ, அதற்கு முன்பே ஒரு கண் எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தாலோ காட்ட வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்ற பேச்சு நம்மூரில் இன்றும் கேட்கிறது. அந்தப் பேச்சை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட குழந்தைகள் அந்தக் கண்ணின் பார்வையை இழந்திருக்கிறார்கள். விலகிய கண்ணின் காட்சியை மூளை ஒதுக்கிவிடுவதால் அது சோம்பேறிக் கண்ணாகிறது. நல்ல கண்ணை நாளில் சில மணி நேரம் மூடிவைத்து, மற்றதை வேலை செய்யவைக்கும் சிகிச்சை ஏழு வயதுக்கு முன் நன்கு பலனளிக்கிறது. வெளியே எதுவும் தெரியாமல், இரு கண்களின் பவர் வேறுபாட்டாலும் இதே நிலை வரலாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைத்தால் பேசாமலிருக்கும் குழந்தை, மறு கண்ணை மறைத்தால் மட்டும் சிணுங்கித் தலையைத் திருப்பினால் அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணீர் வடிதல் பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்பால் வருவது. மருத்துவர் கற்றுத்தரும்படி கண்ணின் உள்முனையிலிருந்து கீழ்நோக்கி அழுத்தித் தடவினால் ஒரு வயதுக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஆனால் கண்ணீரோடு வெளிச்சத்துக்குக் கூச்சமும் கருவிழியில் மங்கலும் சேர்ந்திருந்தால் அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கக்கூடும். அந்நோயில் விழி விரிவடைவதால், எவ்வளவு பெரிய கண்கள் என்று உறவினர் பாராட்டிக்கொண்டிருக்கும் வேளையில் பார்வை நரம்பு சிதைந்துகொண்டிருக்கும். மூன்று மாதம் முடிந்தும் முகத்தைப் பார்க்காத, பொருளைப் பின்தொடராத குழந்தையையும், கண்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் குழந்தையையும் காத்திராமல் காட்ட வேண்டும். நெருங்கிய உறவில் மணம் செய்தவர்கள், குடும்பத்தில் யாருக்கேனும் பிறவிப் பார்வைக் குறை இருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது உதவும்.

குறைமாதக் குழந்தைகளின் நிலை தனியானது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் விளிம்புவரை வளர்ந்து முடிகின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி வெளியே நடக்க வேண்டியிருப்பதால், அது தாறுமாறாகி விழித்திரையையே பிய்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்க்கக் கண் மிக இயல்பாக இருக்கும். இந்திய வழிகாட்டுதலின்படி 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு இரண்டு, மூன்று வாரங்களிலேயே. லேசரோ ஊசி மருந்தோ உரிய நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலான கண்கள் காப்பாற்றப்படுகின்றன. நம் வழக்கப்படி தாய்வீட்டில் பிரசவம் நடந்து, குழந்தை ஓர் ஊரில் பிறந்து வேறோர் ஊரில் வளரும்போது இந்தப் பரிசோதனைத் தேதி நழுவிப்போகிறது. மருத்துவமனையிலிருந்து வெளியேறும் தாளில் தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் பின்னும் பார்வை முழுமையாகத் திரும்பாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களின் மூளையும் அதே வேகத்தில்தான் இணைப்புகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறது என்பதால் அவர்களுக்கான பயிற்சியையும் முதல் மாதங்களிலேயே தொடங்க வேண்டும். எஞ்சியிருக்கும் பார்வையைப் பயன்படுத்தவைக்கும் வெளிச்சமும் பளிச்சென்ற நிற வேறுபாடும், தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைக்கும் குரலும், கையைப் பிடித்துப் பொருள்களைத் தடவிக் காட்டுவதும் அதில் அடங்கும். மத்திய அரசு 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் அமைக்கப்பட்டுள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் இப்பயிற்சியைக் கட்டணமின்றிப் பெறலாம். அங்கே எப்படிச் செல்வது என்பதை அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டறியலாம்.